திருப்பி அடித்த மணி

இது நடந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேய் என்றதும் புளியமரத்தையும் வெள்ளைப் புடவையையும் கொலுசுச் சத்தத்தையும் தேடுகிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம். இதில் அதெல்லாம் கிடையாது. இதில் வருவது ஒரு கம்ப்யூட்டர். சிரிக்கிறவர்கள் சிரித்து முடித்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன். சம்பந்தப்பட்ட ஆள் இன்னும் உயிரோடு இருக்கிறார். உயிரோடு இருக்கிறார் என்றுதான் நாங்கள் எல்லாரும் நம்பிக்கொண்டிருக்கிறோம்.

1973, டிசம்பர். கோலார் தங்க வயலில் ஒரு மைன். எந்த மைன் என்று கேட்காதீர்கள், சொல்லமாட்டேன். அதற்குப் பிறகும் அந்த ஷாஃப்டில், அதாவது சுரங்கக் குழியில், ரொம்ப வருஷம் ஜனங்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். அந்த ஊரில் பூமிக்கு அடியில் பாறை பாரம் தாங்காமல் திடீரென்று வெடிக்கும். ஏர்பிளாஸ்ட் என்பார்கள். மேலே தொழிலாளர்களின் லைன் வீடுகளில் தட்டுமுட்டுச் சாமான்கள் உருளும். கீழே இருக்கிறவன் கதி அவ்வளவுதான்.

அதனால் கீழே பாறைகளில் கருவிகளைப் பொருத்தி, ஒயர் இழுத்து, ராத்திரி முழுக்க எங்கெங்கே பாறை முனகியது என்று மேலே ஓர் அறையில் பதிவு செய்தார்கள். அந்தப் பதிவைக் கணக்குப் போட்டுச் சொல்லத்தான் கம்ப்யூட்டர். இரண்டு பீரோ அகலம். ஏழு மணி ஷிப்டு இறங்குவதற்குள் அது கணக்கைச் சொல்லியாக வேண்டும். விடியற்காலையில் வந்து அதைக் கிளப்பிவிடுகிற வேலை தம்மபாலனுடையது. அப்போது அவனுக்கு இருபத்தாறு வயது. ஆகையால் அவன் என்றே சொல்கிறேன்.

தம்மபாலன் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமா படித்ததே ஒரே காரணத்துக்காகத்தான். ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கும் கூண்டில் ஏறக்கூடாது. பதினெட்டு வயதில் ஒரே ஒரு தடவை அண்ணன் நெடுஞ்செழியன் அவனைக் கூட்டிக்கொண்டு இறங்கினான். கூண்டு சரசரவென்று கீழே போகப்போகக் காது அடைத்தது. உடம்பு வெந்தது. "மூக்கப் புடிச்சி, வாய மூடி ஊதுடா. அப்பவும் தொறக்கலன்னா வுடு, மேல வந்தா தானா தொறந்துக்கும்" என்றான் அண்ணன். தம்பி பாதி வழியிலேயே மயங்கி விழுந்துவிட்டான். லைன் முழுக்க ஒரு மாசம் சிரித்தார்கள். அன்றோடு சரி.

அண்ணனோ அதே ஷாஃப்டில் முதல் ஷிப்டு. அங்கே கூண்டு ஐந்து இடங்களில் நிற்கும். ஐந்தாவதுதான் கடைசி, ஆழம், சூடு, ஆபத்து எல்லாமே. அவனுக்கு வேலை அங்கேதான். அப்பா அம்மா போனபின் தம்பியை வளர்த்துப் படிக்க வைத்தவன் அவன். தம்பி மேலே மெஷினைக் கிளப்பினால்தான் அண்ணன் இறங்கும் இடம் பத்திரமா என்று தெரியும். தம்மபாலனுக்கு அந்த வேலையின் அர்த்தமே அதுதான்.

இன்னும் ஒன்று சொல்லவேண்டும். கூண்டை நகர்த்துவது மணி. மூன்று அடித்தால் ஆள் ஏறியிருக்கிறது. கொஞ்சம் விட்டு, எத்தனாவது நிறுத்தமோ அத்தனை மணி. கேட்டவன் அதை அப்படியே திருப்பி அடிக்கவேண்டும். திருப்பி அடித்தால்தான் கூண்டு அசையும். தங்க வயலில் இது குழந்தைகளுக்கே தெரியும். அண்ணி பழனியம்மா சோறு ஆனதும் தட்டில் கரண்டியால் மூன்று தட்டுவாள். வாசலில் இருக்கும் நெடுஞ்செழியன் கதவில் மூன்று தட்டிவிட்டு உள்ளே வருவான். அந்த ஊரில் பிறந்த கை மணிச் சத்தம் கேட்டால் சும்மா இருக்காது.

தம்மபாலனின் கையும் சும்மா இருக்கவில்லை. அதுதான் அவன் செய்த தப்பு.

திங்கட்கிழமை. காலை ஐந்தரை. வெளியே பனி மூட்டம், நல்ல குளிர். சாவியைத் திருப்பினான். விசிறிகள் ஓடின. முன்பலகையில் எல்லா விளக்குகளும் ஒரே சமயத்தில் எரிந்து அணைந்தன. எது எரியவில்லையோ அங்கே கோளாறு என்று அர்த்தம். எல்லாம் எரிந்தன. சோதனைக்கான காகித நாடாவை நுழைத்தான். மெஷின் தன் நினைவகத்தை மூலைமுடுக்கெல்லாம் தானே சோதித்துவிட்டு, நல்லபடியாக இருந்தால் பக்கத்திலுள்ள டெலிபிரிண்டரில் 'டிங்' என்று ஒரு மணி அடித்து, சரி என்று அச்சடிக்கும். அதன் பிறகுதான் மற்ற வேலை.

பாதியில் நின்றது.

தம்மபாலன் அலட்டிக்கொள்ளவில்லை. மீட்டரை வைத்து மின்னழுத்தம் பார்த்தான். சரியாக இருந்தது. மெஷினுக்குள்ளிருந்த சர்க்யூட் கார்டுகளை ஒவ்வொன்றாக உருவி, முனைகளை ரப்பரால் தேய்த்துத் திரும்பச் செருகினான். மறுபடியும் அதே இடத்தில் நின்றது. சந்தேகப்பட்ட கார்டைக் கழற்றி வேறு போட்டான். அதே இடம். அப்போதுதான் கேட்டது.

டாங்... டாங்... டாங்...

கொஞ்சம் இடைவெளி.

டாங்.

டெலிபிரிண்டர் மணி மெல்லிசாக இருக்கும். இது கனத்த சத்தம். அவன் யோசிக்கவே இல்லை. கையில் இருந்த ஸ்குரூ டிரைவரின் பிடியால் இரும்பு அலமாரியில் தட்டினான். மூன்று. பிறகு ஒன்று.

மெஷின் ஓடியது. 'டிங்.' சரி.

"அட நாயே, லூஸ் காண்டாக்டா நீ?" என்று மெஷினைத் திட்டிவிட்டு தம்மபாலன் சிரித்துக்கொண்டான். எங்கோ ஈயப்பற்று விட்டிருக்கிறது, தட்டினதில் ஒட்டிக்கொண்டது. படித்தவன் வேறு என்ன நினைப்பான்? காது லேசாக அடைத்திருந்தது. ஜலதோஷம் என்று விட்டுவிட்டான்.

செவ்வாய்க்கிழமையும் அதே இடத்தில் நின்றது. சந்தோஷமாக மூன்று, ஒன்று என்று தட்டினான். ஓடவில்லை. பலமாகத் தட்டினான், பக்கவாட்டில் தட்டினான், காலால் ஒரு உதையும் விட்டான். ம்ஹூம். சரியாக ஆறு இருபதுக்கு மணி கேட்டது. மூன்று. இடைவெளி. இரண்டு.

அப்படியே திருப்பித் தட்டினான். ஓடியது.

இந்தத் தடவை அவன் சிரிக்கவில்லை. லூஸ் காண்டாக்டுக்கு எண்ணத் தெரியாது.

புதன்கிழமை டெலிபிரிண்டரின் இணைப்பை அடியோடு பிடுங்கி, ஒயரைக் கையில் பிடித்துக்கொண்டே நின்றான். மணி எங்கிருந்து வருகிறது, பார்த்துவிடலாம்.

ஆறு இருபது.

டாங்... டாங்... டாங்... இடைவெளி. மூன்று.

ஒயர் அவன் கையில்தான் இருந்தது. சத்தம் மெஷினுக்குள்ளிருந்தும் வரவில்லை. காலுக்கு அடியில் இருந்து வந்தது. தம்மபாலன் குனிந்து தரையைப் பார்த்தான். ஆனால் ஏழு மணி ஷிப்டு நெருங்கிக்கொண்டிருந்தது, அண்ணன் லேம்ப் ரூமில் விளக்கு வாங்கிக்கொண்டிருப்பான். கண்ணை மூடிக்கொண்டு தட்டினான். ஒயரைச் செருகினான். 'டிங்.'

அன்று சாயங்காலம் பழனியம்மா அவன் சட்டையைத் தண்ணீரில் முக்கினவள் அப்படியே எடுத்துக்கொண்டு உள்ளே வந்தாள். வாளித் தண்ணீர் சாம்பல் நிறத்தில் இருந்தது.

"இன்னா தம்பி, ஆபீஸுன்னு சொல்லிட்டு எங்களுக்குத் தெரியாம அண்டர்கிரவுண்டு போறியா? உங்க அண்ணன் சட்டையவிட அழுக்கா கீதே இது!"

நெடுஞ்செழியன் அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தான். "இவனா? கூண்டப் பாத்தாவே பேதி புடுங்கும் இவனுக்கு!"

தம்மபாலனும் சிரித்து வைத்தான். ராத்திரி தூக்கம் வரவில்லை. புரண்டு புரண்டு படுத்தான். எழுந்து தண்ணீர் குடித்தான். கதவைத் திறந்து பார்த்தான், மூடினான். காது இன்னும் அடைத்தபடியே இருந்தது.

வியாழக்கிழமை மூன்றும் நான்கும். தட்டினான். காது 'ணொய்' என்று அடைத்தது. அறையில் குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் வியர்த்தது. கழுத்தில், முதுகில், உள்ளங்கையில். சுவரில் தொங்கிய வெப்பமானியைப் பார்த்தான். ஒரு டிகிரிகூட ஏறவில்லை. சூடு அறையில் இல்லை, அவன் மேல் மட்டும்தான் இருந்தது.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. எதுவோ தினம் ஒரு நிறுத்தம் கீழே இறங்குகிறது. தினமும் தானே மணி அடித்து அனுப்பிவைக்கிறோம். எதை?

பதில் தெரிந்துவிடுமோ என்ற பயத்தில் அதற்கு மேல் யோசிக்காமல் விட்டுவிட்டான்.

அன்றைய அச்சு வேறு நன்றாக இல்லை. ஐந்தாவது நிறுத்தத்தின் பக்கம் பாறை ராத்திரியெல்லாம் முனகியிருந்தது. அதிகாரி வேணுகோபால் காகிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"நாளைக்கும் இதே மாதிரி வந்தா ஷிப்ட நிறுத்திடலாம். ஆனா காயிதம் வேணும்பா. வெறும் வாயால சொன்னா மேனேஜர் என்னத் தொரத்திடுவாரு."

"சார், மெஷின் ஓடலன்னா?"

"ஓட வை. அதுக்குத்தான நீ கீற?"

வியாழன் இரவு பதினொன்றுக்கு வீடு குலுங்கியது. அலமாரித் தட்டுகள் கலகலத்தன. தெருவில் எல்லாரும் வெளியே வந்து நின்றார்கள். தம்மபாலன் அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணா, நாளைக்கு லீவு போடு."

"ஏன்டா?"

"போடேன்."

"அடப் போடா. தட்டு உருண்டதுக்கெல்லாம் லீவு போட்டா வருஷத்துல பாதி நாள் வூட்லதான் கெடக்கணும். உன் மெஷினு சொல்லட்டும், நிக்கிறேன்."

வெள்ளிக்கிழமை அவன் ஐந்து மணிக்கே போய்விட்டான். மணி அடித்தால் பதில் அடிக்கப்போவதில்லை. கோளாறைத் தன் கையால் கண்டுபிடித்து, மனுஷன் மாதிரி சரிசெய்து ஓட வைப்பது. அதுதான் முடிவு. மின்வழங்கியை மாற்றினான். நினைவகக் கார்டுகளை இடம் மாற்றிச் செருகினான். இருந்த உதிரிக் கார்டுகள் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துவிட்டான்.

விளக்குகள் எரிந்தன. நாடா ஓடியது.

அதே இடத்தில் நின்றது.

ஆறு இருபது.

டாங்... டாங்... டாங்...

இடைவெளி.

டாங்... டாங்... டாங்... டாங்... டாங்...

ஐந்து.

தம்மபாலன் ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தான். இரண்டு கையையும் அக்குளில் செருகிக்கொண்டான். அடிக்கமாட்டேன். என்ன ஆனாலும் அடிக்கமாட்டேன்.

ஆறரை. மறுபடியும் மூன்று, ஐந்து.

அடிக்கவில்லை.

ஆறு நாற்பது. மூன்று. ஐந்து. அவசரமே இல்லாத மணி. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் காத்திருக்கிற மணி.

வெளியே சங்கு ஊதியது. முதல் ஷிப்டு கூடுகிறது. ஜன்னல் வழியே ஷாஃப்டு வாசல் தெரிந்தது. பனியில் மனிதர்கள் வரிசையாக நின்றார்கள். அதில் ஒரு தலை அண்ணனுடையது. எது என்று தெரியவில்லை.

அவனுக்கு அழுகை வந்தது. ஐந்தாவதுக்கு யாரோ போயாக வேண்டும். மணி அதைத்தான் கேட்கிறது. அண்ணன் போவதா, அவனுக்குப் பதில் நான் போவதா...

தம்மபாலன் ஸ்குரூ டிரைவரை எடுத்தான்.

மூன்று தட்டினான்.



ஐந்து தட்டினான்.

காது அடைத்துக்கொண்டது. விசிறிச் சத்தம் நின்றது. எல்லாச் சத்தமும் நின்றது.

பலகையில் கடைசி வரிசை விளக்கு எரிந்தது... அதற்கு மேல் வரிசை... அதற்கும் மேல்...

விளக்குகள் மேலே போய்க்கொண்டிருந்தன. கூண்டில் இறங்கும்போது அப்படித்தான் தெரியும்.

சூடு.

வெடிமருந்துப் புகை வாசம்.

ஈரப் பாறை வாசம்.

மூச்சு முட்டியது...

நின்றது.

டெலிபிரிண்டர் அச்சடித்துக்கொண்டிருந்தது. அதன் ஆட்டம் தெரிந்தது, ஓசை கேட்கவில்லை. காகிதத்தைக் கிழித்துப் பார்த்தான். ஐந்தாவதில் எல்லா எண்களும் எகிறியிருந்தன. டெலிபோனை எடுத்தான். எதிர்முனையில் ஆள் இருக்கிறாரா, என்ன சொல்கிறார், ஒன்றும் கேட்கவில்லை. எண்களைப் படித்தான். "நிறுத்துங்க சார், நிறுத்துங்க" என்று கத்தினான். தன் குரலே அவனுக்குக் கேட்கவில்லை.

வேணுகோபாலுக்குக் கேட்டிருந்தது. காலில் செருப்புகூட இல்லாமல் ஓடிவந்து காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டு மேனேஜரிடம் ஓடினார். நைட் ஷிப்டு முழுசாக மேலே ஏறிவிட்டது. முதல் ஷிப்டு இறங்கவில்லை. ஏழு இருபதுக்கு ஊரே குலுங்கியது. ஐந்தாவது நிறுத்தத்தின் உள்பக்கம் மொத்தமாக இடிந்து மூடிப்போனது. ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்லை.

நெடுஞ்செழியன்தான் முதலில் தம்பியிடம் ஓடிவந்தான். தம்மபாலன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். சட்டையைப் பிழிந்தால் ஒரு செம்பு வியர்வை வரும். தலைமுடியெல்லாம் சாம்பல் நிறத்தில் பாறைத் தூள். அண்ணன் அவனைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதான். "டேய் பாலா, என்னக் காப்பாத்திட்டடா" என்று வாய் சொன்னது. தம்மபாலனுக்கு அது கேட்கவில்லை, உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டான்.

பம்பாயிலிருந்து இன்ஜினியர் வந்து மெஷினைக் குடைந்து பார்த்தார். ஒரு கோளாறும் இல்லை. அதன் பிறகு அது ஒரு நாள்கூட மக்கர் பண்ணவில்லை. தம்மபாலன் ஸ்டோருக்கு வேலை மாற்றி வாங்கிக்கொண்டான். பங்காரப்பேட்டை, பெங்களூர் என்று காதுக்கு வைத்தியம் பார்த்தார்கள். காது நன்றாகத்தான் இருக்கிறது, ஏன் அடைத்திருக்கிறது என்று தெரியவில்லை என்றார்கள். பக்கத்தில் வந்து கத்தினால் கொஞ்சம் கேட்கும். அவ்வளவுதான்.

இத்தோடு முடிந்திருந்தால் நானும் இதைச் சொல்லியிருக்கமாட்டேன்.

பொங்கல் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகல். ராபர்ட்சன்பேட்டையில் அண்ணனும் தம்பியும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ஏசுபாதம் வந்தார். நைட் ஷிப்டில் ஐந்தாவது நிறுத்தத்தில் மணி அடிக்கிறவர். தம்மபாலனோடு அதற்கு முன் ஒரு வார்த்தை பேசினதில்லை. டீயைக் கையில் வைத்துக்கொண்டு அவனையே பார்த்தார், டீ ஆறிப்போகும் வரைக்கும்.

"சார், தப்பா நெனச்சிக்காதீங்க. அன்னிக்கு வெள்ளிக்கெழம நீங்க இன்னாத்துக்குக் கீழ வந்தீங்க?"

நெடுஞ்செழியன் சிரித்தான். "யாரு, இவனா? கூண்டுல ஏறினா மயக்கம் போட்டுடுவான் இவன்."

"அட, நா பொய் சொல்றேனா? ஏழுக்குப் பத்து நிமிஷம் கீது. எங்கள ஏத்திக்க கூண்டு எறங்கிச்சி. கூண்டுக் கதவத் தொறந்தா இவரு நிக்கிறாரு. வெள்ளச் சட்ட. கையில ஸ்குரூ டிரைவரு. தலையில லைட்டு இல்ல. எறங்கி நேரா உள்ள நடந்துட்டாரு, உன் வேல எடத்துக்கு. கூப்டு கூப்டு பாத்தேன், திரும்பல. நாலாவதுல நிக்கிற தங்கவேலுகூட அதுக்கு மொத நாளு பாத்துகீறான். அங்க எறங்கலியாம், கூண்டுலயே நின்னுனு இருந்தாராம்."

நெடுஞ்செழியனின் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. "அப்புறம்?"

"அப்புறம் இன்னா? எங்க ஆளுங்க ஏறிட்டாங்க. மணி அடிச்சேன், வந்துட்டோம். அதுக்கப்புறம் கூண்டு எறங்கவே இல்லியே. அரை மணியில எல்லாம் மூடிக்கினு பூட்ச்சி."

தம்மபாலனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். "இன்னாண்ணா சொல்றாரு?"

நெடுஞ்செழியன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஏசுபாதம்தான் குனிந்து, அவன் காதருகே வாயை வைத்து, டீக்கடை முழுக்கக் கேட்கும்படி கத்தினார்.

"நீங்க கீழ போனதப் பாத்தேன் சார்! மேல வந்தத ஒருத்தரும் பாக்கலியே!"

கடையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

தம்மபாலன் டீ கிளாஸை மெல்லக் கீழே வைத்தான். மூக்கைப் பிடித்துக்கொண்டு, வாயை இறுக மூடி, ஊதிப் பார்த்தான்.

காது திறக்கவில்லை. இன்றுவரை திறக்கவில்லை.